தேமல் இல்லாத முகம்

பதினெட்டு வருஷமாக எனக்கு மனிதர்களின் முகத்தைத் துடைக்கிற வேலை. பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டச்சப் செய்கிறேன். பரு, மச்சம், அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த வடு, எதுவாக இருந்தாலும் மவுஸை வைத்து இரண்டு சுழற்று சுழற்றினால் போயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படம் என்றால் கூடுதலாக இரண்டு சுழற்று. யாரும் கேட்க வேண்டியதில்லை. படம் திறந்ததும் கை தானாக அங்கே போய்விடும். அசல் படத்தை நாங்கள் வைத்துக்கொள்வதும் இல்லை. துடைத்த படத்தையே அதன் மேல் சேவ் செய்துவிடுவோம். அசலைக் கொடு என்று இன்றைக்கு வரை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். யாராவது ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்து எழுந்துவிடுவேன். உட்காருகிற இடத்தில் என்ன முள்ளா முளைத்திருக்கிறது என்று அம்மா திட்டுவாள். முளைத்துத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா எங்கள் ஸ்டுடியோவைத் தேடி வந்தார். ஊருக்குக் கிழக்கே, ஆறு வளைந்து போகிற இடத்தில் ஒரு பழைய ஆஸ்பத்திரி இருக்கிறது. தொழுநோய்க்காரர்களுக்கென்று ஆரம்பித்து, பிறகு மற்ற நோய்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மருந்து அறைக்குப் பின்னால் தகரப் பெட்டிகளில் பழைய போட்டோத் தட்டுகள் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். கண்ணாடித் தட்டுகள் பாதி, ஃபிலிம் பாதி. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, அந்தக் காலத்தில் என்ன நோய் வந்தது, என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று ஜனங்கள் பார்க்கும்படி ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தட்டுகளை வெளியே கொண்டுபோக முடியாது, நீதான் அங்கே வந்து செய்ய வேண்டும் என்றார். கல்யாண ஆல்பங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்த சமயம். சரி என்று சொல்லிவிட்டேன்.

போன முதல் நாளே ஏன் ஒத்துக்கொண்டோம் என்று ஆகிவிட்டது. அம்மை கண்டு முகமெல்லாம் முத்து முத்தாக நிற்கிற ஒரு குழந்தை. ஈ ஓட்டுவதற்காக அதன் பக்கத்தில் வேப்பிலைக் கொத்தோடு ஒரு கை. கைக்குச் சொந்தக்காரி படத்தில் இல்லை. காலராக் கொட்டகை என்று ஓரத்தில் எழுதிய ஒரு தட்டு. ஓலைக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பாய்கள், ஒவ்வொரு பாயின் தலைமாட்டிலும் ஒரு மண்சட்டி. காசநோய்க்காரர்கள் வராந்தாவில் கட்டிலோடு வெயிலில் கிடக்கிற படம். பிறகு தொழுநோய்ப் படங்கள், அவைதான் அதிகம். ஒன்றில் இருபது பேர் சட்டையில்லாமல் வரிசையில் நிற்கிறார்கள், முன்னால் மேசையில் பெரிய பெரிய ஊசிகள். நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றிச் சதைக்குள் செலுத்துவார்களாம். எண்ணெய் கெட்டியாக இருக்கும், வலி உயிர் போகும், வாரத்துக்கு இரண்டு தடவை, வருஷக்கணக்கில் என்று டாக்டரம்மா சொன்னார். வரிசையில் நிற்கிறவர்கள் யாரும் ஊசியைப் பார்க்கவில்லை. எல்லோரும் காமிராவைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. ஒரு தட்டுக்கு ஒரு தடவை எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வந்தேன்.

தனிப் படங்களில் யாருக்கும் பெயர் கிடையாது. நெஞ்சுக்கு முன்னால் ஒரு சிலேட்டு, அதில் ஒரு எண், கீழே வருஷம். கைகளையும் காட்ட வேண்டும் என்பதற்காகச் சிலேட்டைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கி விரித்துக் காட்டச் சொல்வார்கள் போல. எங்கள் ஸ்டுடியோவில் ஆள் வந்து ஸ்டூலில் உட்காருவதற்குள் சிரிங்க என்று சொல்லிவிடுவோம். இவர்களிடம் யாரும் அப்படிச் சொன்ன அடையாளமே இல்லை. எண்ணுக்கு யார் பெயர் என்று எழுதிய பதிவேடு ஒன்று இருந்திருக்கிறது. அதைக் கரையான் தின்றுவிட்டது. அட்டை மட்டும்தான் மிச்சம்.

வேலை தொடங்கும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார். தூசி, கீறல், பூஞ்சைக் கறை இவற்றை மட்டும் எடு, வேறு எதிலும் கை வைக்காதே. நான் பாதியிலேயே தலையை ஆட்டிவிட்டு ஸ்கேனரை ஆன் செய்யப் போய்விட்டேன். பூஞ்சைக்கு அங்கே குறைவில்லை. ஆற்றோரத்து ஈரம் எல்லாத் தட்டிலும் ஏறியிருந்தது. வானத்தில் திட்டு, சுவரில் திட்டு, வேட்டியில் திட்டு. ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது என்று தள்ளினேன். சீக்கிரம் முடித்துவிட்டு ஆல்பங்களுக்கே ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

அப்படிப் பெண்களின் படங்களை முடித்திருந்த வாரத்தில்தான் ஒரு பெரியவர் வந்தார். எழுபத்தாறு வயது. வெள்ளை வேட்டி, வெளிறிய நீலச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. பழைய படங்கள் கிடைத்திருப்பதைப் பற்றி டாக்டரம்மா யாருக்கோ அனுப்பிய செய்தி, போன் போனாகச் சுற்றி அவர் மகனுக்கு வந்திருக்கிறது. மகன் படித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு ஆழ்வார்குறிச்சியிலிருந்து தனியாகக் கிளம்பி வந்துவிட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது வருஷம் மணி அடித்துக் கேட்டைப் பூட்டித் திறந்தவர். டாக்டரம்மா அவரை என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இவர் அம்மா இங்கே இருந்திருக்கிறார்கள், படம் இருக்கிறதா என்று பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு ஆறு வயதில் அவர் அம்மாவை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பிள்ளையை உள்ளே விடவில்லை. ஒரு வருஷத்துக்குள் இறந்துவிட்டாள், இங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று அப்பா வந்து சொன்னாராம். வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் யார் படம் எடுத்தார்கள். ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். நான் சரி சரி என்று படங்களைத் திறந்தேன். எப்படி இருப்பாங்க என்று கேட்டேன்.

"முகம் ஞாபகம் இல்லம்மா. தேமல்தான் ஞாபகம் இருக்கு. இடது கன்னத்துல, கண்ணுக்குக் கீழ இருந்து தாடை வரைக்கும். வெள்ளையா இருக்கும்."

வீட்டில் முதலில் அதைத் தேமல் என்றே நினைத்துப் பூவரசங்காயை உரசிப் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் அவளுக்கு உணர்ச்சி கிடையாது. அதை வைத்துத் தாயும் மகனும் ஒரு விளையாட்டு விளையாடியிருக்கிறார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இவர் விரலால் கன்னத்தைத் தொட்டுவிட்டு, தொட்டேனா தொடவில்லையா என்று கேட்பார். அவளால் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் இவரே ஜெயிப்பார். அது நோய் என்று இவருக்கும் தெரியாது, அவளுக்கும் அப்போது தெரியாது. அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் பத்துப் படங்களைத் தள்ளியிருந்தேன்.

பெண்களின் படங்கள் எண்பது சொச்சம் இருந்தன. ஒவ்வொன்றிலும் அவர் இடது கன்னத்தைத்தான் பார்த்தார். நெற்றியில் திட்டு இருந்தவர்கள் உண்டு, மூக்கு அமுங்கியவர்கள் உண்டு, புருவம் உதிர்ந்தவர்கள் உண்டு. இடது கன்னத்தில் தேமல் உள்ளவள் யாரும் இல்லை. இன்னொரு வாட்டி பாக்கலாமா என்று கேட்டார். எனக்குள் எரிச்சல் வந்தது, உள்ளதைச் சொல்லுகிறேன். அன்றைக்கு முடிக்க வேண்டிய தட்டுகள் மேசையில் கிடந்தன. மறுபடியும் காட்டினேன், முதல் தடவையைவிட வேகமாக. இல்லை. அவர் எழுந்து, உங்க வேலையைக் கெடுத்துட்டேன் என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போன் நம்பரைக்கூட நான் வாங்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். கண்காட்சிப் பலகைக்குப் படங்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். சிலருக்குச் சேர்ந்தபோது ஒரு படம், சில வருஷம் வைத்தியம் பார்த்த பிறகு ஒரு படம் என்று எடுத்திருந்தார்கள். முன், பின் என்று போட வேண்டும். ஒரு ஜோடியை என் பக்கம் திருப்பி, இது இரண்டும் ஒன்று போலவே இருக்கிறதே, முன், பின் என்று போட்டு எதைக் காட்ட என்று கேட்டார். இளம் பெண். இரண்டிலும் அதே எண், வருஷம் மட்டும் வேறு. இரண்டிலும் முகம் பளிச்சென்று இருந்தது. நான் விறைப்பாக, அது அன்றைக்குப் படம் எடுத்தவர்களின் லட்சணம், நான் என்ன செய்ய முடியும் என்றேன். தட்டை எடுத்துப் பார்ப்போமா என்றார் அவர்.

முன் படத்தின் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நெகட்டிவில் வெளுப்பு கறுப்பாகத் தெரியும். அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும் கறுப்பாக ஒரு திட்டு. பூஞ்சைக்குக் கன்னம் எது, காது எது, சுவர் எது என்று தெரியாது. எல்லாவற்றின் மேலும் படரும். இது கன்னத்தோடு நின்றிருந்தது. ஓரம் வரைந்தது போல இருந்தது. பூஞ்சை என்று நினைத்து நான்தான் துடைத்திருக்கிறேன். நினைத்துத் துடைத்தேன் என்பதுகூடப் பொய். நினைக்கவே இல்லை. முகத்தில் ஒரு திட்டைக் கண்டதும் கை போயிருக்கிறது, அவ்வளவுதான். அவளுடைய நோயை, அவர்கள் வைத்தியம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நான் குணமாக்கி வைத்துவிட்டேன்.

இடது கன்னம் என்று என் வாயே சொல்லிப் பார்த்துக்கொண்டது. அந்த மனுஷன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பெற்ற தாயின் முகத்தை நான்கு தடவை தாண்டிப் போயிருக்கிறார். முன் படம் இரண்டு தடவை, பின் படம் இரண்டு தடவை. நான்தான் தள்ளித் தள்ளி விட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். துடைக்காமல் புதிதாக ஸ்கேன் எடு என்றார். எடுத்தேன். தேமல் வந்தது. பின் படத்தில் உண்மையிலேயே தேமல் இல்லை, அதன் தட்டையும் பார்த்துவிட்டோம். கைகளைத் தூக்கிக் காட்டுகிறாள், பத்து விரலும் நேராக இருக்கின்றன. அந்தச் சமயத்தில் மாத்திரை வந்துவிட்டது, இவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அப்படியென்றால் அவர் அம்மா இங்கே சாகவில்லையா, குணமாகி விட்டார்களா என்று கேட்டேன். இந்தப் படம் எடுத்த அன்றைக்கு நன்றாக இருந்திருக்கிறாள், அதற்கு மேல் எனக்குத் தெரியாது, பதிவேடு இல்லை என்றார். குணமானவர்களில் சிலர் வீட்டுக்குப் போனார்கள், சிலரை அழைத்துப்போக ஆள் வரவில்லை என்று ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. குணமாகிவிட்டாள் என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். திங்கட்கிழமை நாம் இரண்டு பேரும் போவோம், இதைச் சொல்லுகிற விதமாகச் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் பொறு என்றார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கிற ஆளா நான்.

மறுநாள் காலையிலேயே இரண்டு படங்களையும் பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து, ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறிவிட்டேன். உட்கார இடம் இருந்தும் கதவுப் பக்கம் நின்றுகொண்டே போனேன். சேரன்மகாதேவியில் ஒரு தடவை கவரைத் திறந்து பார்த்தேன், கல்லிடைக்குறிச்சியில் ஒரு தடவை பார்த்தேன். தப்புச் செய்தவள் போகிறோம் என்ற பயம் அம்பாசமுத்திரம் வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம் அது போய், நல்ல செய்தி கொண்டு போகிறோம் என்ற மிதப்பு வந்துவிட்டது. செத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற அம்மா குணமாகிச் சிரிக்காத குறையாக நிற்கிற படம் என் கையில் இருக்கிறது. என் தப்பை இதற்காகவே மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானத்தில் வெட்கமே இல்லை.

ஆழ்வார்குறிச்சியில் இறங்கி, பள்ளிக்கூடத்துப் பக்கம் போய், முன்னே மணி அடித்துக்கொண்டிருந்தவர் வீடு எது என்று ஒரு டீக்கடையில் கேட்டேன். உடனே சொல்லிவிட்டார்கள். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. தண்ணீர் குடிக்கச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். என் வேலை என்ன, என் கை எப்படிப் போகும், எதைத் துடைத்தேன், எல்லாம். அவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. படம் இருக்கு என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

எழுந்து உள்ளே போனார். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கையில் ஒட்டியிருந்த செயின் எண்ணெய் போகும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் படத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார்.

"இவதான்," என்றார்.

படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். சின்னப் பிள்ளையாக இருக்கிறாளே என்றார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். அவருடைய மூத்த பேத்திக்கு அதைவிட இரண்டு வயது கூட. தன் அம்மா இத்தனை சின்னவளாக இருந்திருப்பாள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லையாம். அவர் மனதில் அவளும் அவரோடு சேர்ந்தே வயதாகிக்கொண்டு வந்திருக்கிறாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, முகம் மலர்ந்தும் இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். திங்கட்கிழமை என்று டாக்டரம்மா சொன்னது இதற்காகத்தான்.

நிறுத்தவில்லை. இன்னொரு படம் இருக்கு அண்ணாச்சி, இதைப் பாருங்க, அவுகளுக்குக் குணமாயிட்டு, தேமல் போயிட்டு, விரலைப் பாருங்க எவ்வளவு நல்லா இருக்குன்னு என்று படபடவென்று சொல்லி அடுத்த படத்தை நீட்டினேன். அவர் முதலில் முகத்தைப் பார்த்தார். பிறகு விரல்களைப் பார்த்தார். பிறகு சிலேட்டைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எண்ணுக்குக் கீழே இருந்த வருஷத்தை மறுபடியும் படித்தார். முதல் படத்தின் சிலேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். நாலு வருஷம் என்றார்.

"நான் அப்ப அஞ்சாப்பு படிக்கேன்."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்க்காமல், பைய, ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா இறந்துவிட்டாள் என்று அப்பா சொன்னபோது அவருக்கு ஏழு வயது. மொட்டை அடித்தார்கள். பதினாறாம் நாள் விசேஷம் நடந்தது. அடுத்த வருஷமே அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். மொட்டை அடித்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அப்பா அவரைப் பாபநாசத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்து, அவரே எள்ளை அள்ளி மகன் கையில் வைப்பார். அம்மாவை நினைத்துக்கொண்டு விடு என்பார். இவர் விடுவார்.

"உசுரோட இருந்தவளுக்கு எள்ளும் தண்ணியும் விட்டிருக்கேன். அங்கன விட்ட தண்ணி, அவ இருந்த ஆஸ்பத்திரிப் பக்கமாத்தானம்மா ஓடிருக்கும்."

வீட்டுக்குள் நடுச் சுவரில் அவர் அப்பாவின் படம் மாலையோடு மாட்டியிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. இந்த வருஷத்தை மட்டும் எப்படியாவது இல்லாமல் செய்துவிட வேண்டும் என்றுதான் என் புத்தி போயிற்று. சிலேட்டில் தப்பாகக்கூட எழுதியிருப்பார்கள் அண்ணாச்சி, அந்தக் காலத்து ஆட்கள், எண்ணைச் சரியாக எழுதியவர்கள் வருஷத்தைத் தப்பாக எழுதியிருக்கலாம் என்று ஏதேதோ உளறினேன்.

"வேண்டாம் தாயி. இதையும் துடைச்சுராத."

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எப்ப செத்தா? பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது என்று சொன்னேன். அங்கே ஒரு இடுகாடு இருக்கிறது, அதில் கற்களில் எண் மட்டும் வெட்டியிருக்கிறது, பாதி எண்கள் அழிந்துவிட்டன என்றும் சொன்னேன். இவள் அங்கே இருக்கிறாளா, வேறு எங்காவது போனாளா, ஒரு தடவையாவது இந்த ஊர்ப் பக்கம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினாளா, எதையும் சொல்ல ஆள் இல்லை. அவர் இரண்டு படங்களையும் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். மூன்று மணிக்கு வண்டி இருக்கு, நடந்தா பிடிச்சிரலாம் என்று எனக்கு வழி சொன்னார். இந்தத் தடவை போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மாவிடம் திங்கட்கிழமை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அந்த மனுஷனுக்கு நீ தாயையும் கொடுத்தாய், தகப்பனையும் பறித்தாய், ஒரே காலையில் என்றார். வேறு யார் யார் முகத்தை என் கை கழுவியிருக்கிறதோ என்று எல்லாத் தட்டுகளையும் முதலிலிருந்து திரும்ப ஸ்கேன் எடுத்தேன். பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு நெற்றி, ஒருவருக்குத் தோள், ஒரு குழந்தைக்குக் காதுமடல். ஒவ்வொன்றையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்து, பூஞ்சையா நோயா என்று டாக்டரம்மாவைக் கேட்டுக் கேட்டுச் செய்தேன். இரண்டு மாதம் ஆயிற்று. ஸ்டுடியோவிலும் இப்போது அசலைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். முதலாளி, கம்ப்யூட்டரில் இடத்தை அடைக்காதே என்று முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

கண்காட்சி நடந்தது. அந்த ஜோடியை வைக்கலாமா என்று டாக்டரம்மா போனில் கேட்டபோது, ரெண்டையும் வையுங்க என்று அவர் சொல்லிவிட்டார். பார்க்க மட்டும் வரவில்லை. கூட்டம் அந்தப் பலகைக்கு முன்னால்தான் அதிகம் நின்றது. எவ்வளவு சுகமாக்கியிருக்காங்க பாரு என்று ஒரு அம்மாள் தன் மகளிடம் காட்டினார். நான் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன்.

போன ஆடி அமாவாசை அன்றைக்குக் காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்ணார்பேட்டைப் பாலத்தில் போகும்போது கீழே படித்துறை முழுக்க ஆண்கள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு ஆழ்வார்குறிச்சிப் பெரியவருக்குப் போன் போட்டேன். பின்னால் பாபநாசத்துச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். சைக்கிள் மணிச் சத்தமும் கோழிச் சத்தமும்தான் கேட்டன. வீட்டில்தான் இருந்தார். அறுபத்தொன்பது வருஷம் ஒரு தடவைகூட விட்டதில்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே, போகவில்லையா என்று கேட்டேன்.

"போகலம்மா," என்றார். "அவ செத்த சேதி இன்னும் எனக்கு வரலைல்லா."